வலிப்பு நோயும் வாகன ஓட்டுரிமையும்: இந்தியச் சட்டத்தில் காலவரையறை இன்மை குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

வலிப்பு நோயுடையோர் வாகனம் ஓட்டலாமா என்னும் வினாவிற்குப் பல நாடுகள், இறுதியாக வலிப்பு வந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதை அளவுகோலாகக் கொண்டு விடையளிக்கின்றன. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் அமைந்த விண்ணப்பப் படிவமோ நோய் உண்டா, இல்லையா என்பதை மட்டுமே வினவுகிறது. காலவரையறை இல்லாத இவ்வினா, உண்மையைக் கூறுவோர்க்கு இழப்பையும் மறைப்போர்க்கு உரிமத்தையும் தருகிறது. இந்தியச் சட்டக்கூறுகளைப் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகளின் விதிகளோடு ஒப்பிட்டு, அரசு, மருத்துவர், நோயர் ஆகிய மூவரின் பொறுப்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வலிப்பு நோய், ஓட்டுநர் உரிமம், மோட்டார் வாகனச் சட்டம் 1988, வலிப்பற்ற காலம், உறுதிமொழி, பொறுப்பு.

முன்னுரை

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்கின்றனர் என உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. நோயை உரிய முறையில் கண்டறிந்து மருத்துவம் அளித்தால் அவர்களுள் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்பதும் அந்நிறுவனத்தின் கருத்தாகும். எனவே 'வலிப்பு நோயர்' என்னும் ஒரே சொல்லுக்குள் வாரந்தோறும் நினைவிழப்போரும் அடங்குவர். பத்தாண்டுகளாக ஒருமுறையேனும் வலிப்பு வாராதோரும் அடங்குவர். சாலையில் இவ்விருவரால் விளையக்கூடிய இடர் ஒன்றன்று. இவ்வேறுபாட்டைச் சட்டம் எவ்வாறு அளக்கிறது, அளவாதவிடத்து என்ன நேர்கிறது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

நோயின் இயல்பும் வாகன ஓட்டமும்

மூளை நரம்பணுக்களின் மின்செயற்பாடு திடீரென மிகுந்து ஒழுங்கு குலையும்போது வலிப்புத் தாக்கம் நிகழ்கிறது. கைகால்கள் வெட்டி இழுத்து நிலத்தில் விழுவது மட்டுமே வலிப்பு என்பது பொதுவழக்கு. ஆயினும் சில நொடிகள் வெறித்து நோக்கி நினைவற்றிருத்தல், காரணமின்றி ஆடையைப் பற்றி இழுத்தல், விடியற்காலையில் கைகள் துள்ளுதல் ஆகியனவும் வலிப்பின் வகைகளே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கும். பத்து நொடி நினைவிழப்பு என்பது கட்டுப்பாடின்றி 165 மீட்டருக்கு மேல் செல்வதாகும். வீட்டில் எவர் கண்ணிலும் படாமற் போகும் 'சிறு' வலிப்பும் சாலையில் சிறியதன்று.

சிலருக்கு வலிப்பு உறக்கத்தில் மட்டுமே வரும். சிலருக்கு நினைவிழப்பதற்கு முன்னர் ஒருவகை முன்னுணர்வு தோன்றும். சிலருக்கு உறக்கக் குறைவு, மது, மருந்து தவறுதல் ஆகியன வலிப்பைத் தூண்டும். ஆகவே ஒருவர் வாகனம் ஓட்டத் தகுதியுடையவரா என்பதை நோயின் பெயரைக்கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது. வலிப்பின் வகை, அது வரும் நேரம், மருந்துக்கு அது கட்டுப்படும் தன்மை, இறுதி வலிப்பிற்குப் பின் கழிந்த காலம் ஆகியவற்றைச் சேர்த்தே காண வேண்டும். இவற்றுள் எளிதில் அளக்கத்தக்கதும் இடரோடு நேரடித் தொடர்புடையதும் வலிப்பற்ற காலமேயாகும்.

சர்வதேச வலிப்புநோய் எதிர்ப்புக் கழகம் 2014இல் வெளியிட்ட நடைமுறை வரையறையும் இக்காலக் கணக்கை ஏற்கிறது. பத்தாண்டுகள் வலிப்பின்றியும், அவற்றுள் இறுதி ஐந்தாண்டுகள் மருந்தின்றியும் இருப்பவரின் நோய் தீர்ந்ததாகக் கொள்ளலாம் என்பது அதன் ஒரு கூறு. மருத்துவ நோக்கில் நோயே காலத்தால் தீர்ந்துபோகக்கூடியது. படிவத்தின் வினாவிற்கோ காலம் இல்லை.

இந்தியச் சட்டத்தின் நிலை

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், உரிமம் பெறுவதற்கு முற்றிலும் தகுதியிழக்கச் செய்யும் நோய்களைத் தன் பின்னிணைப்பில் பட்டியலிட்டது. வலிப்பு நோய் அதில் இடம்பெற்றிருந்தது. அதன் இடத்தில் வந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டத்தின் பிரிவு 8(4), விண்ணப்பதாரரின் நோயோ குறைபாடோ பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கக்கூடியதாகத் தோன்றினால் பழகுநர் உரிமத்தை மறுக்க வேண்டும் என்கிறது. இங்கு நோயின் பெயர் இல்லை. 'ஆபத்து' என்னும் அளவீடே உண்டு. சொல்லளவில் இது முன்னேற்றமாகும்.

ஆயினும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள படிவம் 1 வேறு நிலையில் நிற்கிறது. உடல்தகுதி குறித்த அவ்வுறுதிமொழியின் முதல் வினா, விண்ணப்பதாரருக்கு வலிப்பு நோயோ, எக்காரணத்தாலேனும் திடீர் நினைவிழப்போ தலைச்சுற்றலோ உண்டா என்பதாகும். விடை 'ஆம்' அல்லது 'இல்லை'. 'ஆம்' என்போர் விவரம் தர வேண்டும் என்ற குறிப்பு உண்டு. எவ்விவரம் இருந்தால் உரிமம் கிடைக்கும் என்பதற்கு நெறி இல்லை. எத்தனை மாதங்கள் வலிப்பின்றி இருந்தால் போதும் என்பதைச் சட்டமும் கூறவில்லை, விதிகளும் கூறவில்லை. அளவுகோல் இல்லாதபோது மறுப்பதே அலுவலருக்குப் பாதுகாப்பான முடிவாகிறது. இவ்வாறு 1939இன் முழுத்தடை சட்டத்திலிருந்து நீங்கியும் படிவத்தின் வழியே நடைமுறையில் தொடர இடம் ஏற்படுகிறது.

மருத்துவச் சான்றான படிவம் 1அ, போக்குவரத்து வாகனம் ஓட்ட விரும்புவோருக்கும் 40 வயதைக் கடந்தோருக்கும் உரியது. இருசக்கர வாகனத்திற்கோ மகிழுந்திற்கோ விண்ணப்பிக்கும் இருபது வயதினரைப் பொறுத்தவரை அவருடைய உறுதிமொழி ஒன்றே சான்று. அவர் உண்மை கூறுவதைத் தவிர வேறு காப்பு அங்கில்லை.

இச்சட்டத்தின் வேறு சில கூறுகளும் கருதத்தக்கன. உரிமம் பெற்ற பின்னர் நோய் ஏற்பட்டிருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருப்பின், உரிமத்தை நீக்கவோ மருத்துவச் சான்றைக் கேட்கவோ பிரிவு 16 அதிகாரமளிக்கிறது. பிரிவு 17இன்படி மறுப்பும் நீக்கமும் காரணம் காட்டி எழுத்தில் அமைய வேண்டும். 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஏமாற்றியோ தவறான தகவல் தந்தோ உரிமம் பெற்றவரைப் பிரிவு 19 தகுதியிழக்கச் செய்கிறது. ஆபத்து விளைவிக்கத்தக்க நோய் தமக்கு உள்ளது எனத் தெரிந்தும் பொதுவிடத்தில் வாகனம் ஓட்டுவதைப் பிரிவு 186 குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இதற்கான தண்டம் முதல்முறை 1,000 ரூபாய் வரையும், அடுத்த முறைகளில் 2,000 ரூபாய் வரையும் ஆகும்.

இக்கூறுகளை ஒருங்கே நோக்கினால் ஒரு முரண் புலப்படும். உண்மையைக் கூறுபவர் இழக்கக்கூடியது உரிமம். பலருக்கு அதுவே பிழைப்பு. மறைப்பவர் விபத்து நேராத வரையில் இழக்கக்கூடியது சிறு தண்டத்தொகை. மறைப்பதே இலாபம் என்னும் கணக்கைச் சட்டமே அறியாமல் கற்பிக்கிறது.

பிற நாடுகளின் காலவரையறை

பிரிட்டனிலும் ஒருகாலத்தில் முழுத்தடையே இருந்தது. 1970இல் மூன்றாண்டுகள் வலிப்பற்றிருந்தோருக்கு உரிமம் வழங்கும் விதி வந்தது. அக்காலம் பின்னர் இரண்டாண்டுகளாகவும், 1994இல் ஓராண்டாகவும் குறைந்தது. இன்று மகிழுந்து, இருசக்கர வாகனம் ஆகியவற்றை ஓட்ட 12 மாதங்கள் வலிப்பின்றி இருத்தல் பொதுவிதி. தூண்டுதலின்றி முதன்முறையாக ஒரே ஒரு வலிப்பு வந்தவர், மருத்துவ ஆய்வில் வேறு இடர்க்காரணி காணப்படாதவிடத்து, 6 மாதங்களுக்குப் பின் ஓட்டலாம். பேருந்து, கனரக வாகனம் ஆகியவற்றிற்கோ மருந்தும் இன்றி 10 ஆண்டுகள் வலிப்பற்றிருத்தல் வேண்டும்.

இவ்விரு வகைப்பாட்டின் அடிப்படை வெளிப்படையானது. அடுத்த ஓராண்டில் மீண்டும் வலிப்பு வரும் வாய்ப்பு 20 விழுக்காட்டிற்குக் குறைவாயின் தனிவாகனமும், 2 விழுக்காட்டிற்குக் குறைவாயின் கனரக வாகனமும் ஓட்டலாம் என்பதே அது. நாள் முழுதும் சாலையில் இருப்பவர், பலரை ஏற்றிச் செல்பவர், பெருஞ்சுமை வாகனத்தை இயக்குபவர் ஆகியோரால் நேரும் தீங்கு மிகுதி. ஆதலின் அவர்களுக்குரிய வரம்பும் கடுமையானது. முதல் வலிப்பிற்குப் பின் 6 மாதங்கள் வலிப்பின்றிக் கழித்தோரிடம் அடுத்த ஓராண்டில் வலிப்பு மீளும் வாய்ப்பு, மருந்து தொடங்கியோருக்கு 14 விழுக்காடு, தொடங்காதோருக்கு 18 விழுக்காடு என 2010இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்று கணித்தது. 6 மாத விதிக்குச் சான்றாக நிற்பது இக்கணக்கே.

அமெரிக்காவில் மாநிலத்திற்கு மாநிலம் விதி வேறுபடும். அரிசோனா மாநிலம் 1994இல் 12 மாத வரையறையை 3 மாதமாகக் குறைத்தது. மாற்றத்திற்கு முந்தைய, பிந்தைய மும்மூன்றாண்டுகளை ஒப்பிட்டு 2003இல் வெளிவந்த ஆய்வு, வலிப்பால் நேர்ந்த விபத்துகள் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை எனக் கண்டது. மேரிலாந்தில் மேற்கொள்ளப்பட்டு 1999இல் வெளியான ஆய்வோ, 12 மாதங்களோ அதற்கு மேலோ வலிப்பற்றிருந்தோரிடம் விபத்து வாய்ப்பு 93 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டியது. விபத்துக்குள்ளானோருள் பாதிக்கு மேற்பட்டோர் சட்டம் குறித்த காலம் முடியுமுன்னரே ஓட்டியவர்கள் என்பதும் அவ்வாய்வின் முடிவு. காலவரையறையின் நீளம் குறித்துக் கருத்து வேறுபடலாம். கால அளவு இடரை அளக்கிறது என்பதிலும், விதியைக் கடைப்பிடிப்பதே பாதுகாப்பைத் தருகிறது என்பதிலும் இவ்வாய்வுகள் முரண்படவில்லை.

ஜப்பான் தரும் படிப்பினை

காலவரையறை வகுத்தால் மறைப்பு தானே நீங்கிவிடும் என்று கொள்வதற்கில்லை என்பதற்கு ஜப்பான் சான்று. அங்கு 2002 வரை வலிப்பு நோயர்க்கு முழுத்தடை இருந்தது. அதன்பின் இரண்டாண்டு வலிப்பற்ற காலத்தை அடிப்படையாகக் கொண்டு உரிமம் வழங்கப்பட்டது. 2011 ஏப்ரல் 18 அன்று தொச்சிகி மாநிலத்தின் கனுமா நகரில், பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்த ஆறு குழந்தைகள் பாரந்தூக்கி வாகனம் மோதி இறந்தனர். அதன் ஓட்டுநர் வலிப்பு நோயை மறைத்து உரிமம் பெற்றிருந்தார்; மருந்தையும் தவறவிட்டிருந்தார். அவருக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

குழந்தைகளை இழந்த குடும்பத்தினரின் கோரிக்கையைத் தொடர்ந்து 2013இல் சட்டம் திருத்தப்பட்டது. உரிம விண்ணப்பத்தில் நோயைப் பற்றிப் பொய்யுரைத்தல் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆபத்தான நிலையில் ஓட்டும் நோயரைப் பற்றி மருத்துவர் விரும்பினால் தெரிவிக்கலாம் என்னும் இசைவும் தரப்பட்டது. எனினும் முழுத்தடைக்கு அந்நாடு திரும்பவில்லை என்பது கருதத்தக்கது. உண்மை கூறுவோருக்கு வழி திறந்திருக்க, பொய் கூறுவோருக்குத் தண்டனை கூடியது. வழியைத் திறக்காமல் தண்டனையை மட்டும் கூட்டுவதினின்று இது வேறுபட்டது.

பொறுப்பு தொடங்கும் இடம்

வலிப்பு வந்த நொடியில் ஓட்டுநருக்கு நினைவில்லை; நினைவின்றி நிகழ்ந்த செயலுக்கு அவர் எவ்வாறு பொறுப்பாவார் என்னும் வினா சட்டவியலில் எழுவதுண்டு. நியூயார்க் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1956இல் 'மக்கள் எதிர் டெசினா' என்னும் வழக்கில் இதற்கு விடை கண்டது. பஃபலோ நகரில் வலிப்பு வந்த ஒருவரின் மகிழுந்து மோதி நான்கு சிறுமியர் இறந்த வழக்கு அது. தமக்கு எந்நேரமும் வலிப்பு வரலாம் என அறிந்தும் தனியே வாகனம் ஓட்டப் புறப்பட்டதே குற்றமுறு கவனமின்மை என்பது அந்நீதிமன்றத்தின் நிலைப்பாடு. பொறுப்பு வலிப்பின் நொடியில் தொடங்குவதில்லை. சாவியைக் கையிலெடுக்கும் முடிவில் தொடங்குகிறது.

இந்தியச் சட்டத்தின் பிரிவு 186இல் உள்ள 'தெரிந்தே' என்னும் கருத்தும் இதே திசையைக் காட்டுகிறது. உயிரிழப்பு நேர்ந்தால் கவனமின்மையால் மரணம் விளைவித்தல் என்னும் குற்றம் எழக்கூடும். பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1) அதற்கு ஐந்தாண்டுகள் வரை சிறைத்தண்டனை கூறுகிறது. இதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது. முன்னர் ஒருபோதும் வலிப்பு வந்திராதவருக்கு முதன்முதலாகச் சாலையில் வந்தால், அறிந்து செய்த தவறு அங்கில்லை. நோயன்று, நோயைப் பற்றிய அறிவே குற்றத்திற்கும் குற்றமின்மைக்கும் இடையிலான எல்லை.

மருத்துவரின் கடமை

அமெரிக்காவில் கலிபோர்னியா, பென்சில்வேனியா உள்ளிட்ட சில மாநிலங்கள், நோயரைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பதை மருத்துவரின் கட்டாயக் கடமையாக்கியுள்ளன. பிரிட்டனில் அக்கடமை நோயருடையது. அறிவுறுத்திய பின்னும் அவர் ஓட்டினால் மட்டுமே மருத்துவர் மந்தணம் கடந்து தெரிவிக்கலாம். கட்டாயத் தெரிவிப்பு, நோயர் தமக்கு வந்த வலிப்பை மருத்துவரிடமே மறைக்கத் தூண்டும் என்னும் எதிர்வாதம் வலுவானது. வலிப்பு மறைக்கப்பட்டால் மருந்தின் அளவும் தவறாகும், நோய் கட்டுப்படாது, சாலை இடரும் மிகும்.

இந்திய மோட்டார் வாகனச் சட்டம் இத்தகைய கட்டாயக் கடமை எதனையும் மருத்துவர்க்கு விதிக்கவில்லை. ஆயினும் வாகனம் ஓட்டுவது குறித்து நோயரிடம் வினவுதலும், ஓட்டலாகாத காலத்தைத் தெளிவாகக் கூறுதலும், கூறியதை மருத்துவப் பதிவேட்டில் குறித்தலும் மருத்துவ அறத்தின்பாற்பட்டவை. புறநோயாளர் பிரிவின் நெரிசலில் மருந்துச் சீட்டு எழுதப்படும் அளவிற்கு இவ்வறிவுரை எழுதப்படுவதில்லை என்றால், நோயரின் அறியாமைக்கு அவர் மட்டும் காரணமாகார்.

மறைப்பின் வேர்கள்

மறைப்பை அறக்குறைவாக மட்டும் காண்பது போதாது. தமிழ் மரபில் இந்நோய்க்கு வழங்கிய பெயர்களே அதன்மீது படிந்த அச்சத்தைக் காட்டுகின்றன. 'கால்கை வலிப்பு' என்பது பேச்சில் 'காக்காய் வலிப்பு' என மருவி, நோயோடு தொடர்பற்ற பறவையை அதனுடன் இணைத்தது. 'முயலகன்' என்னும் பெயர் நடராசர் திருவடியின்கீழ்க் கிடக்கும் உருவத்திற்கும் நோய்க்கும் பொதுவாயிற்று. கொல்லி மழவனின் மகளைப் பற்றிய முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் தீர்த்தமையைப் பெரியபுராணம் கூறுகிறது. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிக்கும் வழக்கம் இன்றும் மறையவில்லை.

இந்து திருமணச் சட்டத்தில் மீண்டும் மீண்டும் வரும் வலிப்பு நோய் திருமணத்திற்குத் தடையாக இருந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கியது. சட்டம் நீக்கியும் மணப்பேச்சில் அச்சொல்லை உரைக்கக் குடும்பங்கள் இன்னும் தயங்குகின்றன. வீட்டிலேயே சொல்லப்படாத நோய், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் படிவத்தில் எழுதப்படும் என எதிர்பார்ப்பது எளிதன்று. தானி ஓட்டியோ சுமை வாகனம் ஓட்டியோ பிழைப்பவருக்கு உரிம இழப்பு என்பது வருவாய் இழப்புமாகும். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்கு 2021 முதல் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் உள்ளது. வாகனம் ஓட்ட இயலாத பெண்களுக்கு அது பயன்படினும், ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு மாற்றாகாது. மாற்றுப்பணி குறித்த சிந்தனையும் இவ்விதிகளோடு சேர்ந்தே எழ வேண்டும்.

நோயரின் பொறுப்புகள்

சட்டத்தில் காலவரையறை இல்லை என்பது நோயரின் பொறுப்பைக் குறைக்காது, மாறாக மிகுவிக்கிறது. மருத்துவ நெறிகளிலிருந்து பின்வருவன தெளிவாகின்றன. வலிப்பு வந்தவர் நரம்பியல் மருத்துவரின் இசைவு பெறும்வரை எவ்வகை வாகனத்தையும் ஓட்டலாகாது. இருசக்கர வாகனமும் இதற்கு விலக்கன்று. வலிப்பின் நாள், நேரம், தன்மை ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். நினைவிழப்பைத் தாமே உணர இயலாதாதலின் கண்டவரின் கூற்று இன்றியமையாதது. மருந்தைத் தாமே நிறுத்துதல் கூடாது. மருத்துவர் அறிவுரைப்படி நிறுத்தும் காலத்திலும், நிறுத்தி முடித்தபின் 6 மாதங்கள் வரையிலும் ஓட்டாதிருக்குமாறு பிரிட்டன் நெறிமுறை அறிவுறுத்துகிறது; இந்திய நோயர்க்கும் இது தக்க வழிகாட்டி. உறக்கம் குறைந்த நாளிலும் மருந்து தவறிய நாளிலும் ஓட்டுதலைத் தவிர்த்தல் வேண்டும்.

முடிவுரை

வலிப்பு நோய் குறித்த இந்திய ஓட்டுரிம விதிகளின் குறை கடுமையன்று, அளவின்மையே ஆகும். பிரிவு 8(4) ஏற்கெனவே 'ஆபத்து' என்னும் அளவீட்டைக் கொண்டிருத்தலின், சட்டத்தைப் புதிதாக இயற்றவேண்டிய தேவையில்லை. படிவத்தின் வினாவோடு இறுதி வலிப்பின் நாளையும் கேட்டல், தனிவாகனத்திற்கும் போக்குவரத்து வாகனத்திற்கும் வெவ்வேறு வலிப்பற்ற காலங்களை விதிகளில் வகுத்தல், நரம்பியல் மருத்துவரின் சான்றை ஏற்றல், நிலையான நீக்கத்திற்கு மாறாகக் காலம் குறித்த இடைநிறுத்தம் செய்து மீண்டும் உரிமம் தருதல் ஆகிய நான்கும் விதித்திருத்தத்தாலேயே இயல்வன. இவை அமைந்த பின்னர்ப் பொய்யுறுதிமொழிக்குத் தண்டனையைக் கூட்டுதல் நேர்மையானதாகும். கனுமாவில் இறந்த குழந்தைகளின் பொருட்டும், பத்தாண்டுகளாக வலிப்பின்றி இருந்தும் 'ஆம்' என எழுத அஞ்சும் ஒருவரின் பொருட்டும் தேவைப்படுவது ஒரே விதியே: நோயைக் கேட்பதோடு நில்லாமல் காலத்தையும் கேட்கும் விதி.